முதல் வளைவு வரை

என் பந்தய வாழ்க்கை ஒரே ஒரு நேர் ரோடு. புறப்பட்ட கோட்டிலிருந்து முதல் வளைவு வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு கெஜம்கூட நான் பந்தயத்தில் ஓட்டியதில்லை. ஆனாலும் தூத்துக்குடியில் என் வயதுக்காரர்கள் யாராவது என்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவங்க அந்தக் காலத்துல மோட்டார் பந்தயம் ஓட்டுனவங்க" என்று பெருமையாக ஆரம்பித்து, "வளைவுல பயந்துட்டாங்க, பாவம்" என்று முடிப்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

நான் பயப்படவில்லை. அன்றைக்கே அதை ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லும்படியாக இல்லை.

உலகச் சண்டை நடந்த காலத்தில் நான் கன்னியர் மடத்து மருந்தகத்தில் சீசா கழுவும் வேலையில் இருந்தேன். மருந்தகத்துக்கு ஒரு வேன் உண்டு. அதன் டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். வேன் ஷெட்டில் சும்மா நின்றது. அதைத் துடைக்கிற சாக்கில் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் ஒருநாள் ஸ்டார்ட் செய்தேன். அப்புறம் மடத்துச் சுவரை இடித்தேன். மடத்துத் தலைவியான மதர் வெளியே வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி ஓடுதுல்லா? நாளைக்கு ஸ்ரீவைகுண்டம் போணும். வெள்ளன வந்துரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆண்கள் கிடைக்காத காலம் அது. இல்லாவிட்டால் எனக்கு ஸ்டீரிங் கிடைத்திருக்காது என்பது எனக்கும் தெரியும்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு மருந்து கொண்டுபோய், திரும்பும்போது நோயாளிகளை ஏற்றி வருவேன். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் திருநெல்வேலி ரோட்டில் அப்போது கரிப்புகையில் ஓடுகிற பஸ்கள்தான். முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு இருமியபடி போகும். மருந்து வண்டி என்பதால் எங்களுக்கு மட்டும் பெட்ரோல் கூப்பன் கிடைத்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக் கடைத்தெரு வருவதற்குள் எனக்கு முன்னால் எந்த பஸ் இருந்தாலும் அதை முந்தியாக வேண்டும். டிரைவர்கள் தலையை நீட்டி, "ஏளா, சோத்து ஒல அடுப்புல கெடக்கா? என்ன அவசரம்?" என்பார்கள். கண்ணாடியில் அவர்கள் சின்னதாகிப் போவதைப் பார்ப்பேன். அதுவே எனக்குப் போதும்.

இதை வெறி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வெறி வந்தால் கை நடுங்கும். எனக்கோ முன்னால் ஒரு வண்டியைக் கண்டுவிட்டால் கை அடங்கிவிடும், மூச்சு சீராகிவிடும், எங்கே ரோடு அகலும், எங்கே அவன் தயங்குவான் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். இரண்டாவதாக வருவது என்றால் என்ன என்று எனக்கு யாராலும் விளக்க முடியாது. பெண்பிள்ளைக்கு இந்தக் குணம் ஆகாது என்று சொன்னார்கள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவர்கள் என் அப்பாவைப் பார்த்திருந்தால் போதும்.

அப்பா தோணித் தண்டல், தோணியை நடத்திப் போகிற தலைவர். பாய் விரித்த தோணியில் உப்பும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவார். அம்மா நான் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா இளவயதில் சங்கு குளித்தவர், முத்துக் குளிக்கிற சலாபத்திலும் இறங்கியவர். கூட இறங்கினவர்கள் எல்லோரும் மேலே வந்த பிறகுதான் வருவார் என்று துறையில் சொல்வார்கள். கேட்டால், "பயந்தவனுக்குத்தான் மூச்சு சீக்கிரம் தீரும்" என்பார். அவர் மனிதர்களை இரண்டு வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தார்: பயந்தவன், பயப்படாதவன். மற்ற குணங்களையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தோணி புறப்படுவதற்கு முன் அடிப்பலகையில் சுறா எண்ணெய் பூசுவார்கள். எல்லாத் தோணிக்கும் செய்வதுதான், மரம் உப்புத்தண்ணீரில் ஊறிப் போகாமலிருக்க. மற்ற தண்டல்கள் கூலிக்கு ஆள் வைத்துப் பூசினார்கள். அப்பா மட்டும் தன் கையாலேயே பூசுவார், யாரையும் பக்கத்தில் சேர்க்காமல். பழந்துணியை எண்ணெயில் முக்கிப் பலகைக்குப் பலகை நடுவே திணித்து, ஓர் இடுக்கு விடாமல் நிரப்பி, கடைசியில் தோணியின் முன்முனையான அணியத்தில் ஒரு சிலுவை போடுவார். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சொன்னால் அதன் காவல் போய்விடும் என்று நம்பிக்கை. கொழும்பில் குண்டு விழுந்த சமயத்தில் கடலில் இருந்த அவர் தோணி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்த நம்பிக்கையை மாதாவே வந்து சொன்னாலும் அவர் விட்டிருக்க மாட்டார். அவர் உடம்பில், சட்டையில், தலைக்குக் கட்டுகிற லேஞ்சியில் எப்போதும் அந்த எண்ணெய் வாடை அடிக்கும். எனக்கு அது வீட்டு வாடை.

சண்டை முடிந்தது. ஊருக்கு வெளியே பட்டாளத்தார் விமானம் இறங்கப் போட்டிருந்த தளம் காலியாகக் கிடந்தது. அங்கே மோட்டார் பந்தயம் நடத்தப் போவதாகப் பேச்சு வந்தது. துறைமுகத்து வெள்ளைக்காரர்கள், மதுரைப் பக்கத்து மில் முதலாளிகளின் பிள்ளைகள், கொழும்பிலிருந்து வருகிற இரண்டொரு பேர் என்று ஓட்டுகிறவர்கள் எல்லாம் பணக்காரர்கள். ஊரில் மோட்டார் விற்கிற கம்பெனி முதலாளி ஒருவர் இருந்தார். என் வேன் அவருடைய பஸ்ஸையும் முந்தியிருக்கிறது. அவர் மருந்தகத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம வண்டி ஒண்ணு பந்தயத்துல இறங்குது, பிள்ள. நீ ஓட்டுதியா? பொம்பள ஓட்டுதான்னா சனம் கூடும்."

"சனம் கூடுறதுக்கா, ஜெயிக்கிறதுக்கா, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "ஜெயிச்சுக் காட்டு. பெறவு மெட்ராஸு, கொழும்பு, எங்க பந்தயம்னாலும் நம்ம கம்பெனி வண்டிய நீதான் ஓட்டுத. மாசச் சம்பளம். இதுதான் ஒனக்கு வேல" என்றார்.

பந்தயம் ஓட்டுவதே வேலையாக ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் என்று அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அது கிடைத்துவிடும் என்பதில் சந்தேகமும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பாய்க்கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"எதுத்து ஓட்டுறவனுவ ஆம்பளையளா?"

"ஆமாப்பா."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"அப்பம் என்ன, ஜெயிச்சுட்டு வா" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

வண்டி கூரையில்லாத பழைய இரண்டு சீட்டு மோட்டார். அதைப் பார்த்துக்கொண்டவர் காயல்பட்டணத்துக்காரர், கம்பெனியின் மெக்கானிக். ரங்கூனில் வேலை பார்த்து, ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பினவர். அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். என்னைத் தங்கச்சி என்பார். தளத்தில் எங்களைப் பழக விட்டபோது வளைவு ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முதல் வளைவுக்கு முன்னால் ஓரமாக முள் நிறைந்த ஓர் உடைமரம் நின்றது. மற்றவர்கள் அந்த மரத்துக்கு வெகு முன்னாலேயே மிதித்தார்கள். நான் மரத்தைத் தாண்டி மிதித்தேன். வண்டி சொன்னபடி கேட்டது. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், கேட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் முன்னாடியே மிதி. பிரேக்கு நான் வச்சதுதான், ஆனா அதுவும் இரும்புதானே" என்றார் காக்கா.

"எல்லாரும் மிதிக்கிற எடத்துல மிதிச்சா எல்லாரும் வாற எடத்துலதான் நானும் வருவேன்" என்றேன். அந்த மரத்துக்கும் வளைவுக்கும் நடுவில் இருந்த இடம்தான் என் பந்தயம். அங்கேதான் எல்லோரையும் முந்தப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

பந்தயத்தன்று காலையில் வண்டியைத் தளத்தில் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டு நான் பூசைக்குப் போனேன். காக்கா பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். அப்பா கொட்டகையில் வண்டிக்குக் காவல் இருப்பதாகச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நான் திரும்பி வந்தபோது அவர் வேட்டியெல்லாம் மண்ணாக இருந்தது. கீழே உட்கார்ந்திருந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். அவர் தன் தலை லேஞ்சியை அவிழ்த்து என் முடி பறக்காமல் இறுக்கிக் கட்டிவிட்டார். "போய்ட்டு வா, ஏளா" என்றார். தோணியில் போகிறவர்களுக்கு அவர் சொல்கிற மாதிரியே சொன்னார். வண்டியைக் கோடு வரைக்கும் ஆட்கள்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

கொடி இறங்கியது. அந்த நேர் ரோட்டை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். இருபுறமும் சனம் ஒரே வெள்ளைக் கோடாகப் பின்னால் ஓடியது. மில் முதலாளியின் மகனை முந்தினேன். கொழும்புக்காரர்களை முந்தினேன். முன்னால் துறைமுகத்துத் துரை ஒருவர்தான். அப்போது சுறா எண்ணெய் வாடை வந்தது. தலையில் கட்டியிருந்த லேஞ்சியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அப்பா கூடவே உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எப்போதும் இருந்ததில்லை.

உடைமரத்துக்கு முன்னாலேயே துரையின் வண்டி வேகம் குறைந்தது. நான் அவரைத் தாண்டினேன். மரத்தையும் தாண்டினேன். பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. மறுபடி முழு பலத்தோடு மிதித்தேன். கால் இறங்கியது, வண்டி வழுக்கிக்கொண்டே போனது. எண்ணெய் கருகுகிற வாடை கீழேயிருந்து குப்பென்று ஏறியது. லேஞ்சி கருகுமா? அந்த நொடியிலேயே எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது, அவர் வேட்டியில் இருந்த மண் உட்பட. வளைவுக்கு வைத்திருந்த தார் டின்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டி முள்ளுக்குள் போய்க் கவிழ்ந்தது.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. கண் விழித்தபோது அப்பா என் தலைமாட்டில் மண்டியிட்டு லேஞ்சியால் என் முகத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. அன்று தளம் முழுக்க ஓடி வந்ததாகச் சொன்னார்கள்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு காக்கா வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மறுநாள் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

"தங்கச்சி, நாலு சக்கரத்துலயும் பிரேக்குக்குள்ள எண்ணெய் கெடக்கு. இஞ்சின் எண்ணெய் இல்ல, மீனெண்ணெய். இடுக்குல துணிய வச்சுத் திணிச்சிருக்கான் எவனோ ஒரு பாவி. நான் மொதலாளிகிட்ட சொல்லப் போறேன். போலீஸுக்கே போகணும்."

"போலீஸு வேண்டாம், காக்கா. அது எங்க அப்பா" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. தோணி, அடிப்பலகை, இடுக்கு விடாமல் பூசுவது, சொன்னால் காவல் போய்விடும் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியின் அடியைப் பார்த்தபோது அப்பாவுக்கு அதுவும் ஒரு தோணியாகத்தான் தெரிந்திருக்கும். இடுக்கு இருந்தால் அதை அடைக்கத்தான் அவருக்குத் தெரியும். ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டார். காக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா" என்றார். "இப்பம் என்ன செய்ய?" என்று கேட்டார்.

என்ன செய்வது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். முதலாளி வந்தார். நொறுங்கிய வண்டிக்காக அவர் வருத்தப்பட்டதில் தப்பில்லை. "பிரேக்குல கோளாறா?" என்று கேட்டார். காக்கா என்னைப் பார்த்தார். கோளாறு என்றால் காக்காவின் வேலை போகும். எண்ணெய் என்றால் அப்பா.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மிதிக்க வேண்டிய எடம் எனக்குத் தப்பிப் போச்சு" என்றேன்.

"பயந்துட்டியா?"

"பயப்படல. எடம் தப்பிப் போச்சு."

"பயத்துலதான் எடம் தப்பும், பிள்ள" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். அது எனக்கு எலும்பு முறிந்ததைவிட அதிகமாக வலித்தது.

தோள் கூடிய பிறகு அவரிடம் இன்னொரு தடவை போய்க் கேட்டேன். ஒரே ஒரு பந்தயம், சம்பளமே வேண்டாம் என்றேன். "பொம்பளைய ஏத்துனதே தப்புன்னு ஊரே என்னைய ஏசுது. ஒனக்கும் நல்லதில்ல" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். தளத்தில் மறுபடி பந்தயம் நடந்தது. நான் போகவில்லை. வண்டிச் சத்தம் காற்றில் வருகிற நாளாகப் பார்த்து மதரிடம் கேட்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு மருந்து கொண்டுபோனேன்.

வேனை மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது மடத்துக்குள் பூட்டிக் கிடந்ததால் அப்பா அதன் பக்கத்தில் போக வழியில்லை. அதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். திருநெல்வேலி ரோட்டில் பஸ் டிரைவர்கள் இப்போது வேறு மாதிரி கத்தினார்கள். "ஏளா, முன்னால வளைவு வருது, கண்ண மூடிக்கோ" என்பார்கள். அவர்களை முந்திக்கொண்டுதான் போனேன். கண்ணாடியில் அவர்கள் சின்னதாகிப் போவதைப் பார்த்து முன்பு வந்த நிறைவு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

மெட்ராஸில் வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போவதற்கு முன் காக்கா விடைபெற வந்தார். "இனி என் வேல போயிரும்னு ஒனக்குக் கவல வேண்டாம், தங்கச்சி. இப்பமாவது உண்மையச் சொல்லு. நான் சாட்சி சொல்லுதேன்" என்றார்.

உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார். "அப்பா இருக்குத வரைக்கும் வேண்டாம், காக்கா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் கடலுக்குப் போவது நின்றுவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பந்தயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அதனால் அவருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து, அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன். மோட்டார் என்ற சொல்லைக்கூட வீட்டில் தவிர்த்தேன். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நான் பரிமாற அவர் சாப்பிட்டார்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்துக்கெல்லாம் அவர் படுத்த படுக்கையானார். கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசி, நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போன சாயங்காலம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏளா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இனிமே சொன்னா ஒண்ணும் ஆவாது."

வேண்டாமப்பா, இத்தனை நாள் சுமந்தது போதும், போகிற நேரத்தில் அதைத் தொடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அன்னைக்கு ஒன் மோட்டாருக்கு நாந்தான் எண்ணெய் பூசுனேன். ஒரு இடுக்கு விடல. சக்கரத்துக்குள்ளயும் துணிய விட்டுப் பூசுனேன். அதனாலதான் வண்டி அப்பளமா நொறுங்கியும் நீ உசுரோட வந்த."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வருத்தம் துளியும் இல்லை. தோணி பத்திரமாகக் கரை சேர்ந்த நாட்களில் இருக்குமே, அந்த முகம். எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஆமாப்பா. அந்த எண்ணெய்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததை, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அம்புட்டுக் காவல் போட்டு அனுப்புனேனே, பின்ன ஏன் ஏளா பயந்த? ஊர்ல அவனுவ சொல்லுதப்பம் நான் நம்பல. ஒன் வாயாலதான் கேக்கணும்னு இருந்தேன். பயந்தியா?"

பயப்படவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். பின்ன ஏன் வண்டி நிக்கல என்று கேட்பார். தண்டலாக இருந்தவர், அடுத்தடுத்துக் கேட்டு அந்த எண்ணெயில் வந்து நிற்பார். அவர் கை என் கைக்குள் இருந்தது. நகக்கண்ணில் எத்தனை கழுவினாலும் போகாத அந்த எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது.

"பயந்துட்டேன்ப்பா" என்றேன்.

அவர் தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டார். அப்புறம் கையை என்னிடமிருந்து எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.